லீசிங் கம்பனியில் இருந்து எங்கள் விபரங்கள் வெளியே போய்விட்டன, திருகோணமலையில் இருந்து என்ன செய்யலாம்?

கொட்டியாரக்குடா:
எல்லோருக்கும் வணக்கம். கணவரின் ஓட்டோ லீசிங்கில் ஓடுகிறது. டவுனில் கிளை வைத்திருக்கும் ஒரு நிதி நிறுவனம், பெயரை இங்கே போடவில்லை. போன மாதக் கடைசியில் அவர்களிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. எங்கள் கணினிக்குள் அனுமதி இல்லாமல் யாரோ நுழைந்திருக்கிறார்கள், சில வாடிக்கையாளர்களின் தகவல்கள் வெளியே போயிருக்கலாம், கவனமாக இருங்கள். அவ்வளவுதான். என்ன போனது, யாருடையது போனது என்று ஒரு வரி இல்லை. கிளைக்குப் போய்க் கேட்டால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை, ஹெட் ஒபிஸில் பார்க்கிறார்கள் அக்கா, எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்கிறா.

அதற்குப் பிறகு பிணை நின்ற என் அண்ணாவுக்கு ஒரு கோல். அடையாள அட்டை இலக்கம், ஓட்டோ நம்பர், எந்தத் திகதியில் தவணை கட்டுகிறோம் என்பது வரைக்கும் சரியாகச் சொல்லி, தவணை நிலுவை நிற்கிறது, கம்பனியின் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்குக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் வண்டியைத் தூக்குவோம் என்று நல்ல தமிழில் கதைத்திருக்கிறார்கள். தங்கச்சியைக் கேட்காமல் போடமாட்டேன் என்று அண்ணா வைத்துவிட்டார். அவருக்கும் அந்தக் கம்பனிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, எங்களுக்காகக் கையெழுத்து வைத்தது மட்டும்தான். அவருக்கு இப்படி வருவதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை.

சட்டப்படி ஏதாவது செய்யலாமா? அடையாள அட்டையை மாற்றலாமா? அண்ணா தனியாக முறைப்பாடு கொடுக்கலாமா? கணவர் சொல்கிறார், பிழை அவர்களுடையது என்பதால் இனித் தவணை கட்டத் தேவையில்லை என்று. அது சரியா?

மணிக்கூட்டுச்சந்தி:
தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அக்கா. நான் லீசிங் துறையில் வேலை செய்தவன். தகவல் கசிந்தது ஒரு விசயம், நீங்கள் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் வேறு விசயம். கட்டாமல் விட்டால் அது நிலுவையாக கிரிப்பில், அதாவது கடன் தகவல் பணியகத்தின் பதிவில் விழும், உங்கள் பெயரில் மட்டுமில்லை, பிணையாளர் என்பதால் அண்ணாவையும் தேடி வருவார்கள், வண்டியும் போகும். பிறகு நீங்கள் எந்த முறைப்பாட்டோடு போனாலும் இவர் தவணை கட்டாதவர் என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். வழக்கமாகக் கட்டும் அதே கணக்குக்கு அல்லது கிளைக் கவுண்டரில் கட்டி பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கணக்கு மாறியது என்று யார் சொன்னாலும், உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களாக எடுத்துக் கேளுங்கள். வந்த கோலுக்குத் திருப்பி எடுக்க வேண்டாம்.

சட்டக்கோப்பு:
மேலே தம்பி சொன்னது சரி. நான் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன், இது பொதுவான விளக்கம் மட்டுமே, உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

முதலாவது, அண்ணா. அவர் தனியாக முறைப்பாடு செய்யலாம், செய்யவும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளர் என்று பார்ப்பதில்லை, தகவல் யாரைப் பற்றியதோ அவரைத்தான் பார்க்கிறது. பிணையாளரின் அடையாள அட்டைக் கொப்பியும் சம்பளச் சீட்டும் அந்தக் கம்பனியின் கையில் இருக்கிறதென்றால் அவருக்கும் அதே உரிமைகள்: என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம், தேவையில்லாததை அழிக்கச் சொல்லலாம். கசிவு நடந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமை 23ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டத்தை மீறியதற்கு ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

ஆனால் இரண்டு விசயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்தச் சட்டம் ஒரே நாளில் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. அதிகாரசபை பற்றிய பகுதி 2023 யூலையில் தொடங்கியது, முக்கியமான மற்றப் பகுதிகள் 2025 மார்ச் 18இல் வரவேண்டியவை தள்ளிப்போடப்பட்டன, 2025இலேயே திருத்தச் சட்டமும் வந்தது. ஆகவே அந்தச் சட்டத்தில் தங்கி ஒரு முறைப்பாடு எழுதும் நாளில், எந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது என்று வர்த்தமானியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அல்லது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மற்றது, அந்த ஒரு கோடி தண்டம். அது உங்கள் கைக்கு வரும் இழப்பீடு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் பழைய வழி இருக்கிறது. எங்கள் நாட்டின் பொதுச்சட்டம் ரோமன் டச்சுச் சட்டம், அதன் கீழ் கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். காலாவதிக் கட்டளைச் சட்டப்படி அதற்கு 2 வருடம்தான் கால எல்லை. எழுத்து மூல ஒப்பந்தத்தை மீறியதாகப் போட்டால் 6 வருடம், ஆனால் அது தகவலைப் பாதுகாக்கும் கடப்பாடு ஒப்பந்தத்தில் இருந்தால். தொகை சிறியது என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரும். எந்த வழியென்றாலும், என்ன நட்டம் வந்தது, அது இவர்களின் கவனயீனத்தால் வந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். இப்போதைக்கு உங்களுக்குப் பணம் ஏதும் போகவில்லை. நல்ல விசயம். அதே காரணத்தால் இன்றைக்கே வழக்கு என்று ஓடுவதில் பலன் குறைவு, இன்றைக்கே ஆவணங்களைக் கட்டிவைப்பதில்தான் பலன்.

கிண்ணியா நானா:
ஸலாம். நான் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை ஐடி கொப்பி அடிக்கிறேன் என்று கணக்கே இல்லை. லீசிங்குக்கு, சிம்முக்கு, கரண்ட் பில்லுக்கு, வெளிநாட்டு ஏஜென்சிக்கு, எல்லாவற்றுக்கும் கொப்பி. ஆகவே எல்லாருக்கும் சொல்வது, கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே பேனையால் எழுதுங்கள்: இன்ன கம்பனிக்கு, இன்ன தேவைக்கு மட்டும், திகதி, கையெழுத்து. முகமும் இலக்கமும் தெரியும்படி, ஆனால் எழுத்து அட்டையின் மேலால் ஓடும்படி. அந்தக் கொப்பியை எடுத்து வேறு இடத்தில் கடன் எடுக்கப் போனால் காட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால், எடுத்து முடிந்தவுடன் கடை போனிலும் கணினியிலும் அழிக்கச் சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் கேட்காமலே அழிப்பேன். எல்லாக் கடையும் அப்படி இல்லை.

கடல்முகத்தெரு:
அக்கா, டெலிகிராமில் ஒரு குரூப்பில் அந்த ஃபைல் ஓடுதாம், கூட்டாளி ஒருவனிடம் லிங்க் இருக்கிறது. வேண்டுமென்றால் தாறன், உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம்.

மட்டுறுத்துனர்:
தம்பி, லிங்க் இங்கே வரக்கூடாது, தனி மடலிலும் அனுப்ப வேண்டாம். அந்த ஃபைலில் இந்த அக்கா மட்டும் இல்லை, இந்த ஊரிலேயே எத்தனையோ குடும்பம் இருக்கும்.

சட்டக்கோப்பு:
2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ், உடைத்து உள்ளே போனவர் மட்டும் குற்றவாளி இல்லை. சட்டவிரோதமாக எடுத்த தரவு என்று தெரிந்துகொண்டு அதை வாங்குவது, வைத்திருப்பது, இறக்குவது எல்லாம் தனிக் குற்றம். உங்கள் பெயரைப் பார்க்கத்தான் இறக்கினேன் என்ற விளக்கத்தை பொலிசில் சொல்லும் நிலைக்குப் போகாதீர்கள். அந்தக் கூட்டாளியிடமும் சொல்லுங்கள். ஃபைல் ஓடுகிறது என்பதே ஒரு தகவல், எந்தக் குரூப், எப்போது கண்டது என்று முறைப்பாட்டில் எழுதினால் போதும்.

சீனன்குடா:
அடையாள அட்டையை மாற்றலாமா என்ற கேள்விக்கு. அட்டையைப் புதிதாக எடுக்கலாம், ஆனால் இலக்கம் உங்களோடுதான் இருக்கும். இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது. அந்த இலக்கத்திலேயே உங்கள் பிறந்த திகதி இருக்கிறது. 12 இலக்க அட்டையில் முதல் 4 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையிலும் அதே முறைதான், வருடம் 2 இலக்கமாக இருக்கும். ஆகவே இலக்கம் போனால் பிறந்த திகதியும் போனது, ஆணா பெண்ணா என்பதும் போனது. வங்கிக்கு கோல் எடுத்தால் ஐடி நம்பர் சொல்லுங்கள், பிறந்த திகதி சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் நீங்கள் நீங்கள்தான் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த இரண்டும் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

அதனால் வங்கிக்கு நேரில் போய், என் விபரங்கள் வேறு இடத்தில் கசிந்திருக்கின்றன, தொலைபேசியில் என் பெயரில் யார் கேட்டாலும் எதையும் மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அம்மாவின் பெயர் மாதிரி இரகசியக் கேள்வி இருந்தால் உண்மையான பதிலை எடுத்துவிட்டு வேறு எதையாவது வையுங்கள்.

அடுத்தது சிம். இதைத்தான் நான் ஆகப் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் ஓடிபி எல்லாம் அங்கேதான் வருகிறது. அண்ணாவும் நீங்களும் தொலைபேசிக் கம்பனிக் கிளைக்குப் போய் உங்கள் ஐடி இலக்கத்தில் எத்தனை இணைப்பு பதிவாகி இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே எழுதிக்கொடுத்து நிறுத்துங்கள். உங்கள் போனில் காரணம் இல்லாமல் சிக்னல் முழுதாகப் போய், பக்கத்து ஆளுக்கு அதே கம்பனியில் சிக்னல் இருந்தால், கவரேஜ் பிழை என்று காத்திருக்காதீர்கள். வேறு போனில் இருந்து உடனே கம்பனிக்கும் வங்கிக்கும் எடுங்கள், உங்கள் நம்பரில் யாரோ சிம் எடுத்திருக்கலாம். கோல் வேறெங்காவது திருப்பி விடப்பட்டிருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால் ##002# அடித்தால் எல்லாத் திருப்புதலும் நீங்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு 6 இலக்கப் பின் ஒன்று வையுங்கள், அது இருந்தால் எஸ்எம்எஸ் கோட் மட்டும் கிடைத்து உள்ளே வர முடியாது.

பாஸ்வேர்ட் பற்றி நீட்டவில்லை. கம்பனியின் ஆப்பில் வைத்த பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருந்தாலும் எல்லா இடத்திலும் மாற்றுங்கள், முதலில் ஈமெயிலில்.

மணிக்கூட்டுச்சந்தி:
கிரிப் அறிக்கையும் எடுங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிறுவனம் அது, தன்னைப் பற்றிய அறிக்கையை எவரும் கேட்டு எடுக்கலாம். வங்கிக் கிளையில் கேட்டாலே வழி சொல்வார்கள். இப்போது ஒன்று எடுத்து வைத்துவிட்டு, சில மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள். இன்றைக்கு உங்கள் பெயரில் ஒருவன் கடன் எடுத்தால் அது நாளைக்கே அறிக்கையில் தெரியாது. முதல் அறிக்கை சுத்தமாக இருந்தது என்பது பிறகு பெரிய ஆதாரம். அண்ணாவும் எடுக்க வேண்டும், பிணை நின்ற கடன்களும் அதில் காட்டும்.

தேம்ஸ்கரை:
நான் லண்டனில், சொந்த ஊர் உப்புவெளி. இங்கேயும் ஐரோப்பாவிலும் கம்பனி தெரிந்துகொண்ட 72 மணித்தியாலத்துக்குள் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 82ஆம் உறுப்புரையில் இழப்பீடு கேட்கலாம், காசு நட்டம்தான் என்று இல்லை. 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தகவல் தவறாகப் பாவிக்கப்படுமோ என்ற பயமே ஒரு பாதிப்பாக இருக்கலாம் என்று சொன்னது. இலங்கையில் எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்காகப் போட முடியாதா? அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் கம்பனி எல்லாருக்கும் காசு கொடுத்ததே?

சட்டக்கோப்பு:
ஈக்விஃபாக்ஸ் கதை முழுதாகத் தெரிந்தால் நல்லது. 2017இல் சுமார் 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரம் போனது, 2019இல் 70 கோடி டொலர் வரைக்கும் என்று உடன்பாடு வந்தது. ஆளுக்கு 125 டொலர் என்று செய்தி பரவியது. ஆனால் அந்தக் காசுக் கொடுப்பனவுக்கு ஒதுக்கியது 3 கோடி 10 இலட்சம் டொலர்தான், கேட்டவர்கள் மிகப் பலர், அதனால் அந்தத் தொகை பலருக்குக் கிடைக்கவில்லை. அத்தனை பெரிய வழக்கு மரபு இருக்கும் நாட்டிலேயே நிலைமை இது. அதை நம்பி இங்கே யாரும் காத்திருக்க வேண்டாம்.

இங்கே எனக்குத் தெரிந்தவரை ஆகப் பயன் தரும் வழி மத்திய வங்கி. உரிமம் பெற்ற நிதி நிறுவனம் என்றால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு, பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. உரிமம் தருபவரே கேள்வி கேட்கும்போது கம்பனி பதில் சொல்லத்தான் வேண்டும். கம்பனிக்கு எழுதிய கடிதம் இல்லாமல் அங்கே போனால் முதலில் அவர்களுக்கு எழுதுங்கள் என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். கடிதம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கவுண்டரில் கேட்டதும் போனில் சத்தம் போட்டதும் கணக்கில் வராது.

வசதி குறைவு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலும் இருக்கிறது, கடிதம் எழுதவும் உதவி கேட்கலாம்.

மூதூர்மகள்:
பொலிஸ் பற்றி ஒரு விசயம். எங்கள் மாவட்டத்தில் ஒரு நிலையத்துக்கு நான் இதே மாதிரி ஒரு மோசடிக்காகப் போனபோது, நான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வை என்றார்கள். நான் வைக்கவில்லை. தமிழில் எழுதுங்கள், அல்லது நான் தமிழில் எழுதித் தருகிறேன் என்று நின்றேன், ஒரு உத்தியோகத்தரைத் தேடிப் பிடித்து எழுதினார்கள். தமிழும் அரசகரும மொழி, கேட்பது எங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் தயவுசெய்து யாரும் கையெழுத்து வைக்காதீர்கள். என் விபரத்தை வைத்துப் பணம் கேட்டார்கள் என்று நீங்கள் சொன்னது, நான் பணம் கொடுத்தேன் என்று எழுதப்பட்டால் வழக்கே மாறிவிடும். என்ட்ரி நம்பரையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள்.

சீனன்குடா:
தங்கச்சி சொன்னது பெறுமதியானது. அதோடு, உள்ளூர்ப் பொலிசில் என்ட்ரி போட்டாலும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கும் எழுதலாம். இலங்கை சேர்ட் என்ற அமைப்புக்கு 101இல் எடுத்தால் தொழில்நுட்ப ஆலோசனை தருவார்கள், ஆனால் ஆளைப் பிடிப்பது அவர்கள் வேலை இல்லை.

ஆதாரத்தைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். கோல் பட்டியல் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். நம்பர், திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்து, எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வையுங்கள். போனை மாற்றினால் பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள்.

சட்டக்கோப்பு:
ஆம், 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் சிறப்பேற்பாடுகள் சட்டத்தில் இருந்தே கணினிச் சான்றும் ஒலிப்பதிவும் நீதிமன்றத்தில் ஏற்கப்படலாம். மூலக் கருவி இருந்தால் வாதம் பலமாக இருக்கும்.

கொட்டியாரக்குடா:
எல்லாருக்கும் மிகவும் நன்றி. கணவர் தவணையைக் கவுண்டரில் கட்டிவிட்டார். கடிதத்தில் என்ன எழுத வேண்டும் சேர்? இன்னொன்று, கம்பனியின் பெயரை ஃபேஸ்புக்கில் போடச் சொல்லி அண்ணாவின் மகன் நிற்கிறான்.

சட்டக்கோப்பு:
ஃபேஸ்புக் பற்றி முதலில். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் குடியியல் வழக்கு இன்னும் போடலாம். கம்பனி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை அப்படியே காட்டுவது வேறு, கம்பனிக்காரரே விற்றுவிட்டார்கள் என்று எழுதுவது வேறு. இரண்டாவதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. மருமகன் கொஞ்சம் பொறுக்கட்டும்.

கடிதம் தமிழில், சுருக்கமாக. இப்படி:

“மேற்படி லீசிங் ஒப்பந்தம் தொடர்பாக, உங்கள் கணினி அமைப்பில் நடந்த ஊடுருவல் பற்றி எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தீர்கள். என்னைப் பற்றிய எந்தெந்தத் தகவல்களும் எந்தெந்த ஆவணங்களும் வெளியே போயின, எத்திகதியில் போயின, எத்திகதியில் அதை அறிந்தீர்கள், எந்த அதிகாரிகளுக்கு அறிவித்தீர்கள், இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தரவும். என் விபரங்களைப் பாவித்து இன்ன திகதியில் இன்ன இலக்கத்திலிருந்து பணம் கேட்கப்பட்டது, பிரதி இணைப்பில். பணம் கட்டும் கணக்கு மாறவில்லை என்பதை உறுதிப்படுத்தவும். இதனால் எனக்கு நட்டம் ஏற்பட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.”

நீங்கள் ஒன்று, அண்ணா வேறு ஒன்று. அண்ணாவின் கடிதத்தில், பிணையாளர் என்ற முறையில் என்னிடம் வாங்கிய ஆவணங்களில் இனித் தேவையில்லாதவை எவை, அவற்றை அழிப்பீர்களா என்று ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள். ஹெட் ஒபிஸுக்குப் பதிவுத் தபாலில், கிளைக்குக் கையில் கொடுத்து உங்கள் பிரதியில் ரப்பர் முத்திரை. முத்திரை தர மறுத்தால் கிளைக்கும் பதிவுத் தபாலே அனுப்புங்கள்.

கிண்ணியா நானா:
கடிதம் டைப் பண்ண வேண்டுமென்றால் கடைக்கு வாங்க தங்கச்சி, காசு வேண்டாம். இன்னொன்று, உங்கள் தகவலை இணையத்தில் இருந்து அழித்துத் தருகிறோம், இழப்பீடு வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் போடுங்கள் என்று இனிக் கோல் வரும். என் கடைக்கு வந்த ஒரு வயதான அம்மாவிடம் அப்படித்தான் கேட்டார்கள். முதலில் களவெடுத்தவனே இரண்டாம் தரமும் எடுப்பான், நம்ப வேண்டாம்.

கொட்டியாரக்குடா:
இழையைத் திரும்பத் திறக்கிறேன். இரண்டு கடிதமும் அனுப்பினோம், கிளையில் முத்திரை தரவில்லை, தபாலில் போட்டோம். பதில் வந்திருக்கிறது. அடையாள அட்டைக் கொப்பி, தொலைபேசி இலக்கம், தவணை விபரம், பிணையாளரின் முகவரி இவ்வளவும் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள், கணக்கு மாறவில்லை என்றும் உறுதி தந்திருக்கிறார்கள். எப்போது அறிந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மற்றது, அண்ணா தொலைபேசிக் கம்பனிக்குப் போனபோது அவர் எடுக்காத ஒரு சிம் அவர் ஐடியில் இருந்தது. நிறுத்திவிட்டார்கள். அதுவும் இந்தக் கசிவால்தான் என்று எழுதலாமா?

சட்டக்கோப்பு:
எழுத வேண்டாம். அந்த சிம் எப்போது பதிவானது என்று திகதியை எழுத்தில் வாங்குங்கள். கசிவுக்கு முந்திய திகதி என்றால் அது வேறு முறைப்பாடு, கலந்தால் இரண்டும் கெடும். பிந்தியது என்றால் பொலிஸ் என்ட்ரியில் சேருங்கள். பதில் சொல்லாத கேள்வியை மட்டும் எடுத்து இரண்டாவது கடிதம் போடுங்கள், அதன் பிரதியோடு 1935 திணைக்களத்துக்கு முறைப்பாடு. 2 வருடம் முடியும் திகதியை உங்கள் கோப்பின் முன்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மூதூர்மகள்:
அக்கா, அதே எஸ்எம்எஸ் எங்கள் மாமாவுக்கும் வந்திருக்கிறது, இங்கே இன்னும் மூன்று வீட்டில் கேள்விப்பட்டேன். ஒரே கடிதத்தில் எல்லாரும் கையெழுத்து வைக்கலாமா?

சட்டக்கோப்பு:
கம்பனிக்குத் தனித்தனியாக எழுதுங்கள் பிள்ளை, ஒவ்வொருவரின் ஒப்பந்த இலக்கமும் போன தகவலும் வேறு. மத்திய வங்கிக்குப் போகும்போது மட்டும் எல்லாக் கடிதங்களின் பிரதியையும் சேர்த்து ஒன்றாகக் கொடுங்கள்.

கொட்டியாரக்குடா:
மூதூர்த் தங்கச்சி, எங்கள் கடிதத்தின் மாதிரியை பெயர்களை எடுத்துவிட்டு உங்களுக்குத் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் திங்கட்கிழமை இரண்டாவது கடிதம் போடுகிறோம், உங்கள் ஆட்களின் பிரதிகள் வந்தவுடன் மத்திய வங்கிக்குச் சேர்த்தே அனுப்புவோம்.